ஆவி போகும் வழி

பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் கலந்த மாவை வாஃபிள் மேக்கரில் ஊற்றி மூடிய சற்று நேரத்திலேயே வீடு மணக்கத் தொடங்கிவிடும். விடுமுறை நாள் காலை, வெளியே மழை என்றால், தூங்கிக்கொண்டிருப்பவர்களைப் போய் எழுப்பவே வேண்டியதில்லை. ஆனால் வாஃபிள் தட்டுக்கு வந்து ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டால் ஏமாற்றம்தான். கூடத்தில் வீசிய வாசனையில் பாதிகூட வாய்க்குள் இல்லை. மசாலா குறைவோ என்று அடுத்த முறை இன்னொரு கரண்டி பட்டைத் தூளைச் சேர்க்கிறோம். வீடு இன்னும் பலமாக மணக்கிறது. வாஃபிளில் மட்டும் மணத்துக்குப் பதிலாக லேசான கசப்பு ஏறிக்கொள்கிறது.

இன்னொரு குறையும் எல்லோருக்கும் தெரிந்ததே. அச்சிலிருந்து எடுத்தபோது மொறுமொறுவென்று இருந்த வாஃபிள், பிள்ளைகள் பல் துலக்கி வந்து உட்காருவதற்குள் துவண்டுவிடுகிறது. 

மணம் காணாமல் போவதும் மொறுமொறுப்பு காணாமல் போவதும் பார்வைக்கு வெவ்வேறு சங்கதிகள். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மாவில் இருக்கும் தண்ணீர். அது எப்போது கிளம்புகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, போகும்போது எதைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், நல்ல வாஃபிளுக்கு வேண்டிய ஏறக்குறைய எல்லாமே தெரிந்துவிடும். 

ஒரு வாஃபிளில் எவ்வளவு தண்ணீர்?

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க இதே மாவுதான்.

மைதா 180 கிராம். சோள மாவு, அதாவது கடையில் கார்ன் ஃப்ளார் என்று விற்கும் வெள்ளைத் தூள், 20 கிராம். பால் 350 கிராம். முட்டை இரண்டு, ஓடு நீக்கி 100 கிராம். வெண்ணெய் 80 கிராம். நாட்டுச் சர்க்கரை 30 கிராம். பேக்கிங் பவுடர் 10 கிராம். உப்பு ஒரு சிட்டிகை. மசாலாவுக்குப் பட்டைத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, கிராம்பு நான்கு, ஏலக்காய் ஐந்து, சுக்குத் தூள் அரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய் இரண்டு துருவல். எல்லாம் சேர்த்து சுமார் 775 கிராம் மாவு வரும். ஆறு வாஃபிள் ஊற்றலாம். ஒன்றுக்கு 130 கிராம்.

இதில் தண்ணீரென்று தனியாக ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. இருந்தும், பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். முட்டையில் முக்கால் பங்கு. உலர்ந்திருப்பதாக நாம் நினைக்கும் மைதாவில்கூட 12 பங்கு. வெண்ணெயில் 16 பங்கு. உருக்கும்போது சடசடவென்று வெடிப்பது அதுதான். கூட்டினால் ஏறக்குறைய 420 கிராம். மாவின் பாதிக்கும் மேல் தண்ணீர்! ஒரு வாஃபிளின் பங்குக்கு 70 கிராம்.

வெந்த வாஃபிளைச் சமையல் தராசில் வைத்தால் 100 கிராம் அளவில் நிற்கும். அதாவது அச்சுக்குள் இருந்த நான்கைந்து நிமிடத்தில் 30 கிராம் தண்ணீர் வெளியேறியிருக்கிறது. 40 கிராம் உள்ளேயே தங்கிவிட்டது. போன 30 கிராமும் தங்கிய 40 கிராமும்தான் இந்த அத்தியாயத்தின் இரண்டு கதாபாத்திரங்கள். காலை முழுவதும் சமையலறையில் நடப்பதெல்லாம் இவற்றின் வேலை.

ஐம்பது லிட்டர்

30 கிராம் தண்ணீர் என்பது இரண்டு மேசைக்கரண்டி. அது ஆவியானால்? கொதிநிலையில் ஒரு கிராம் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் ஆவியாக விரியும். 30 கிராமுக்கு ஏறக்குறைய 50 லிட்டர். வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் குடிநீர்க் கேன்கள் இரண்டரை நிறையும் அளவு ஆவி, உள்ளங்கை அகல வாஃபிள் ஒன்றிலிருந்து புறப்படுகிறது. மூடியின் ஓரத்தில் புசுபுசுவென்று வருகிறதே, அது இதில் ஒரு சின்னப் பகுதிதான். கண்ணுக்குத் தெரியும் வெண்புகை, ஆவி குளிர்ந்து நுண்துளிகளான பிறகு தெரிவது. அச்சை ஒட்டிய இடத்தில் புகை தெரியாமல் வெறுமையாக இருக்கும் அந்த விரற்கடை இடைவெளியில்தான் உண்மையான ஆவி இருக்கிறது. அங்கே விரலை வைத்துவிடாதீர்கள்.

இந்த ஆவியை உண்டாக்க ஆகும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். தண்ணீரைச் சூடாக்குவது எளிது. ஆவியாக்குவது மிகக் கடினம். ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அதே கிராமைக் கொதிநிலையிலேயே ஆவியாக மாற்றத் தேவை. வெப்பமானியில் ஏற்றமாகத் தெரியாமல் செலவாகும் இந்த வெப்பத்தை ‘உள்ளுறை வெப்பம்’ என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நம் கணக்குப்படி, மாவு வாங்கிக்கொள்ளும் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது. மீதி மூன்று பங்குதான் மாவைச் சூடாக்குகிறது. அச்சு சரியாகக் காயும் முன்பே மாவை ஊற்றினால் வாஃபிள் வெளிறிப்போய் வருவது இதனால்தான். தண்ணீருக்குச் செலுத்த வேண்டிய பாக்கி அவ்வளவு பெரியது. விளக்கு எரிந்து ‘தயார்’ என்று காட்டிய பிறகும் இரண்டு நிமிடம் பொறுத்து ஊற்றுவது நல்லது. இரும்புத் தகடு உள்ளுக்குள் சேமித்துவைக்கும் சூடு முதல் நிமிடத்தில் கைகொடுக்கும்.

சோடா செய்யும் சின்ன வேலை

பேக்கிங் பவுடர்தான் வாஃபிளை உப்ப வைக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பத்து கிராம் பேக்கிங் பவுடரில் கால் பங்கு சோடா உப்பு என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் வினைபுரிந்து தரும் கரியமில வாயு, அச்சின் சூட்டில் விரிந்த பிறகும், ஒரு வாஃபிளுக்கு 150 மில்லிதான் வரும். ஒரு டம்ளருக்கும் குறைவு. 50 லிட்டர் ஆவிக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

அப்படியானால் பேக்கிங் பவுடர் இல்லாமலே ஊற்றிப் பாருங்கள். வாஃபிள் பலகையாக வரும். ஏனென்றால் மாவுக்கு நடுவில் ஆவி புதிதாக ஒரு குமிழை உண்டாக்கிக்கொள்வது மிகக் கடினம். ஏற்கெனவே ஒரு சின்னக் குமிழ் இருந்தால் அதற்குள் புகுந்து ஊதிப் பெரிதாக்குவது எளிது. பேக்கிங் பவுடர் விதைக் குமிழ்களைத் தூவுகிறது. ஆவி அவற்றை வளர்க்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாகக் கலக்கும் பழக்கமும் இதற்காகத்தான். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் பெயரால் வழங்கும் வாஃபிள் காற்றாக இருப்பதற்கு ஈஸ்டும் நுரைத்த வெள்ளைக்கருவும் காரணம்.

விதைக் குமிழ் உடையாமல் நிற்க வேண்டும், அவ்வளவே. மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து, கலக்கக் கலக்க இழுவையான வலையாகும். பரோட்டாவுக்கு அது வேண்டும், வாஃபிளுக்கு வேண்டாம். ஈரமும் உலர்மாவும் ஒன்றுசேர்ந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள். சுண்டைக்காய் அளவில் சில கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். பத்து நிமிடம் ஊறினால் தாமே கரைந்துவிடும். சோள மாவில் அந்த இழுவைப் புரதம் கிடையாது என்பதால்தான் 20 கிராம் சேர்த்தோம். பஜ்ஜி மாவில் அரிசி மாவு சேர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை; இங்கேயும் சோள மாவுக்குப் பதில் அரிசி மாவு போடலாம், இன்னும் கொஞ்சம் கறுக்குமுறுக்கென்று வரும்.

முட்டை சேர்க்காதவர்கள் பாலில் பாதியைப் புளித்த மோராக மாற்றி, கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்துக்கொள்ளலாம். மொறுமொறுப்பு குறையாது. ஆனால் குமிழ்களைத் தாங்கி நிற்கும் முட்டைப் புரதம் இல்லாததால் உள்ளே கொஞ்சம் அடர்த்தியாகத்தான் இருக்கும்.

கட்டங்கள் அழகுக்காக அல்ல

வாஃபிள் இன்று நேற்றுப் பிறந்ததல்ல. பீட்டர் புரூகல் என்ற ஃபிளெமிஷ் ஓவியர் 1559இல் வரைந்த ஓவியம் ஒன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொண்டாட்டத்துக்கும் நோன்புக்கும் நடக்கும் சண்டையைக் காட்டும் அந்தப் படத்தில், கட்டம் போட்ட வாஃபிள்களைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் நீண்ட கைப்பிடியுள்ள இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவை வைத்து, நெருப்பில் காட்டிச் சுட்டார்கள். அமெரிக்காவின் டிராய் நகரத்தைச் சேர்ந்த கொர்னீலியஸ் ஸ்வார்ட்வவுட், அடுப்பின் மேல் வைத்துப் புரட்டக்கூடிய வாஃபிள் அச்சுக்கு 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்றார். நம் மின்சார வாஃபிள் மேக்கர் அதன் வழித்தோன்றல். 

இத்தனை நூற்றாண்டாகத் தகடு மாறியது, நெருப்பு மாறியது, கட்டம் மட்டும் மாறவில்லை. காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள சதுரத் துண்டின் ஒரு முகம் 100 சதுர சென்டிமீட்டர். அதில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் ஆழமும் உள்ள 25 குழிகளைப் போட்டால், ஒவ்வொரு குழியின் நான்கு சுவர்களும் சேர்ந்து 6 சதுர சென்டிமீட்டர் கூடுகிறது. 25 குழிக்கு 150. நூறாக இருந்த முகம் இருநூற்றைம்பதாகிவிட்டது. இரும்பைத் தொடும் பரப்பு இரண்டரை மடங்கு. பழுப்பேறி முறுகும் பரப்பும் அதே இரண்டரை மடங்கு.

இதைவிட முக்கியமானது தூரம். கட்டங்கள் வந்த பிறகு, மாவின் எந்த ஒரு புள்ளியும் சூடான இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியில்லை. வெப்பம் மாவுக்குள் ஊர்ந்துபோகும் வேகம் விசித்திரமானது. தூரம் பாதியானால் நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். உள்ளே வேகும் முன் வெளியே கருகும் தொல்லை கனமான கேக்குக்கு உண்டு, வாஃபிளுக்கு இல்லை. அதேபோல் உள்ளே பிறக்கும் ஆவிக்கும் வெளியேறும் வழி குட்டையாகிவிடுகிறது. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மொரீஸ் வெர்மெர்ஷ் குடும்பத்தார் ஆழமான குழிகள் கொண்ட பெல்ஜிய வாஃபிளை விற்று அமெரிக்கர்களை மயக்கியபோது, மேலே வைத்த ஸ்ட்ராபெரியும் கிரீமும்தான் எல்லோர் கண்ணிலும் பட்டன. ஆழத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

எப்போது திறக்கலாம்?

மாவின் மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை, அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. அச்சு 190 டிகிரியில் இருந்தாலும் அப்படித்தான். வருகிற வெப்பத்தையெல்லாம் ஆவி கொண்டுபோய்விடுகிறது. நூறு டிகிரிக்குள்ளேயே முட்டைப் புரதம் உறைந்துவிடும், மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் கெட்டியாகிவிடும். வேகும் வேலை முடிந்தது. ஆனால் நிறம் வராது. புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் கலந்து பழுப்பாகும் வினை, சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரியாவது வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மேயார் 1912இல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்கும் வினை அது. ரொட்டியின் மேலோடும் வறுத்த காப்பிக்கொட்டையும் தோசையின் சிவந்த அடிப்பக்கமும் அதன் பிள்ளைகள்.

ஆக, முதலில் மேல்பரப்பு காய வேண்டும். காய்ந்த பிறகே நூறு என்ற வரம்பு உடையும். அதற்குப் பிறகே பழுப்பும் முறுகலும். வாஃபிள் மேக்கரின் மணி அடிக்கட்டும், விளக்கு அணையட்டும், அவற்றைவிட நம்பகமான அறிகுறி ஒன்று உண்டு: ஓரத்தில் வரும் ஆவி. அது மும்முரமாக வரும்போது திறந்தால் நடு இன்னும் உறையாமல், மேல்பாதி மேலேயும் கீழ்ப்பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டு வாஃபிள் இரண்டாகக் கிழியும். ஆவி மெலிந்து, விட்டுவிட்டு வரும் நேரம் பார்த்துத் திறந்தால் தானாகக் கழன்று வரும்.

254 டிகிரி எண்ணெய் எப்படிப் பறக்கிறது?

இப்போது மணத்துக்கு வருவோம். கிராம்பின் மணத்துக்குக் காரணம் யூஜினால் என்ற எண்ணெய். நல்ல கிராம்பு மொட்டின் எடையில் ஆறில் ஒரு பங்குவரை எண்ணெயாகவே இருக்கும். அதில் பெரும்பகுதி இதுதான். இதன் கொதிநிலை 254 டிகிரி. பட்டையின் உயிர் சின்னமால்டிஹைடு. அது 248 டிகிரியில் கொதிக்கும். வாஃபிளின் உட்புறமோ நூறைத் தாண்டுவதே இல்லை. கொதிப்பதற்கு இன்னும் நூற்றைம்பது டிகிரி பாக்கி இருக்கும் எண்ணெய் எப்படிக் கூடம்வரை வந்து மணக்கிறது?

விடையை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் ஊட்டிக்குப் போகலாம். நீலகிரித் தைலம் காய்ச்சும் இடங்களில் யூகலிப்டஸ் இலைகளைப் பெரிய அண்டாவில் திணித்து, அடியில் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். ஆவி இலைகளுக்கு ஊடே ஏறிவந்து குழாயில் குளிர்ந்து சொட்டும்போது, தண்ணீரின் மேல் தைலம் மிதக்கும். அந்தத் தைலத்தின் பெரும்பகுதியான சினியோல் தனியே கொதிக்க 176 டிகிரி வேண்டும். கொதிக்கும் தண்ணீரோ நூறிலேயே அதைக் கிளப்பிவிடுகிறது.

எண்ணெயும் தண்ணீரும் கலப்பதில்லை. கலக்காத இரண்டு திரவங்கள் சேர்ந்து சூடாகும்போது, ஒவ்வொன்றும் மற்றது இருப்பதையே கண்டுகொள்ளாமல் தன் பங்கு ஆவியை வெளியே தள்ளும். கொதிக்க வேண்டுமானால் காற்றின் அழுத்தத்தை வென்றாக வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதியைத் தண்ணீரே செய்துவிடுகிறது. எண்ணெய் தன் சிறு பங்கைச் சேர்த்தால் போதும், கூடவே கிளம்பிவிடலாம். இந்த முறைக்கு ‘நீராவி வடித்தல்’ என்று பெயர். தைலக்காரர்களும் கிராம்பெண்ணெய் எடுப்பவர்களும் காலங்காலமாகச் செய்துவருவது இதைத்தான்.

நம் வாஃபிள் மேக்கர் இலை திணித்த அந்த அண்டாவேதான். குளிர்விக்கும் குழாய் ஒன்றுதான் இல்லை. பொடித்த மசாலாவுக்கு ஊடே 50 லிட்டர் ஆவியைச் செலுத்தினால், வாசனை கூடத்துக்குப் போகாமல் வேறெங்கே போகும்? வீடு மணப்பதும் வாஃபிள் மணக்காததும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள். ஏலக்காய்தான் இதில் முதலில் தோற்பது. அதன் மணத்தில் முக்கியமானது, வேடிக்கை பாருங்கள், அதே சினியோல்தான். கொதிநிலை குறைவு என்பதால் அது யூஜினாலைவிட வேகமாக ஓடுகிறது. கடைசிவரை உட்கார்ந்திருப்பது கிராம்பு. மசாலாவை மொத்தமாகக் கூட்டிப்போட்டால் ஏலக்காய் மணம் மீளாது, கிராம்பின் காட்டம்தான் முன்னுக்கு வரும். ஆவியில் போகாத துவர்ப்பும் கசப்பும் முழுசாகத் தங்கும். அடுத்த முறை சேர்த்த அந்த ஒரு கரண்டி ஏன் கசந்தது என்பது இப்போது தெரிகிறது.

வெண்ணெயில் ஒளித்து வைத்தல்

ஆவியை நிறுத்த முடியாது; நிறுத்தினால் வாஃபிள் இல்லை. மணத்தைப் பிடித்துவைக்கத்தான் வழி பார்க்க வேண்டும். மசாலா எண்ணெய்கள் தண்ணீரை வெறுப்பவை, கொழுப்பை விரும்புபவை. கொழுப்பில் கரைந்துவிட்ட எண்ணெய் வெளியே தள்ளும் ஆவியின் அளவு மிகவும் குறைந்துவிடும். நம் மாவில் 80 கிராம் வெண்ணெய் இருக்கிறதே, அதை அப்படியே உருக்கி ஊற்றுவது கையிலுள்ள பூட்டைப் பயன்படுத்தாமல் விடுவதாகும்.

வெண்ணெயைச் சிறு தீயில் உருக்குங்கள். சடசடப்பு அடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் மசாலா. அப்போதே இடித்த கிராம்பு, ஏலக்காய், பட்டைத் தூள், சுக்கு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் போட்டு, கிளறி, தட்டால் மூடிப் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். தாளிப்பதுபோல் பொரியவிட வேண்டாம்; நமக்கு வேண்டியது மணம் கொழுப்புக்குள் இறங்குவது, காற்றில் ஏறுவது அல்ல. வெதுவெதுப்பாக ஆறியதும் முட்டையோடும் பாலோடும் கலக்கலாம். இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. பட்டைத் தூள் நேராகத் தண்ணீரில் ஊறினால் கொழகொழப்பாகும். மாவை அநாவசியமாகக் கெட்டியாக்கும். வெண்ணெயில் முதலில் முழுகிவிட்டால் அந்தத் தொல்லை குறைவு.

இது மணம் போவதை முழுக்கத் தடுக்காது, குறைக்கும். அதனால் மசாலா வெண்ணெயில் இரண்டு கரண்டியை மாவில் சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள். ஆவி அடங்கிய வாஃபிளின் மேல் அதைத் தடவினால், ஒரு துளி மணமும் வடித்தலுக்கு ஆளாகாமல் நேராக வாய்க்கு வரும். என்னைக் கேட்டால், மாவில் மசாலாவைப் பாதியாகக் குறைத்து, மேலே தடவும் வெண்ணெயில் தாராளமாகப் போடுவதே சிறந்தது.

ஈஸ்ட் போட்டுப் பொங்கவைக்கும் மாவாக இருந்தால் இது இன்னும் அவசியம். சின்னமால்டிஹைடு ஈஸ்டின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். பட்டை கூடினால் மாவு பொங்கத் தாமதமாகும்.

எந்தப் பட்டை?

மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது கனமான, ஒற்றைப் படலமாக வளைந்த, கையால் ஒடிக்கச் சிரமப்படும் காசியா வகை. பிரியாணிக்கு அது பொருத்தம். காட்டமானது, நீண்ட நேரம் கொதித்தாலும் தாங்கும். இலங்கைத் தமிழர் கறுவா என்று சொல்லும் உண்மையான இலவங்கப்பட்டை, காகிதம் போன்ற மெல்லிய படலங்கள் பல சுருண்டு ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். அழுத்தினால் நொறுங்கிவிடும். சின்னமால்டிஹைடு இதில் கொஞ்சம் குறைவு. கூடவே யூஜினாலும் சிறிது இருப்பதால் மணம் மென்மையாகவும் இனிப்பாகவும் இருக்கும். வாஃபிளுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

நெதர்லாந்தின் கௌடா நகரத்துச் சீனிப்பாகு வாஃபிளின் மாவில் பட்டை சேருவதற்குப் பின்னால் இந்தக் கறுவாவின் கதை இருக்கிறது. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்ததன் முக்கிய நோக்கம் கறுவா வாணிகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வதே. காட்டில் அலைந்து பட்டை உரிக்கும் கடும் வேலை சிங்களச் சலாகம சமூகத்தின் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்டது. கிராம்பும் ஜாதிக்காயும் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து அதே கம்பெனியின் கப்பல்களில் போயின. இன்று நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கன்னியாகுமரி மலைச்சரிவில் நல்ல கிராம்பு விளைகிறது. ஏலக்காய் ஏலத்துக்குப் போடிநாயக்கனூர் பேர்போனது. 

சூடில்லாத சூடு

மசாலா வாஃபிள் ஆறிப்போன பிறகும் வாயில் ஒரு கதகதப்பைத் தருகிறதே, அது வெறும் மனப்பிரமையா? இல்லை. நம் தோலிலும் வாயிலும் உள்ள நரம்பு நுனிகளில் வெப்பத்தைக் கண்டறியும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. மிளகாயின் காரம் சூட்டை உணரும் அதே உணர்வியைத்தான் தட்டுகிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது; தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டம் படபூட்டியனோடு அதைப் பகிர்ந்துகொண்டார். சுக்கின் காரமும் அந்த மிளகாய்க் கதவையே தட்டுகிறது. யூஜினால், வெதுவெதுப்பான இதமான சூட்டுக்கு விழிக்கும் வேறோர் உணர்வியைத் தூண்டுகிறது. சின்னமால்டிஹைடு கடுகின் காரத்துக்கு எரியும் உணர்வியைத் தொடுகிறது. ஏலக்காயின் சினியோல் மட்டும் எதிர்த்திசையில் போய், குளிர்ச்சியை உணரும் இடத்தை எழுப்புகிறது.

ஒரே வாயில் கதகதப்பும் குளுமையும் சேர்வதால்தான் இந்த நான்கு பொருள்களின் கூட்டு தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். மழைக்காலக் காலைக்கு ஏலக்காயைக் குறைத்துச் சுக்கைக் கூட்டலாம். வெயில் காலத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

தட்டில் நடக்கும் துரோகம்

இப்போது உள்ளே தங்கிய அந்த 40 கிராம் தண்ணீரின் கதை. அச்சிலிருந்து எடுத்த வாஃபிளின் மேலோட்டில் ஈரம் மிகக் குறைவு. அதிலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் ‘கண்ணாடி நிலை’ என்ற நிலையில் இருக்கின்றன. மூலக்கூறுகள் ஒழுங்கின்றி, ஆனால் அசையவும் முடியாமல் இறுகிக் கிடக்கும் நிலை அது. அதனால்தான் கடித்தால் வளையாமல் உடைகிறது. அந்த உடைசல்தான் காதில் விழும் மொறுமொறுப்பு. இந்த நிலைக்குப் பெரிய எதிரி தண்ணீர். சில சதவீத ஈரம் ஏறினாலே மூலக்கூறுகளுக்கு நகர இடம் கிடைத்துவிடும். உடைந்தது இனி வளையும்.

அந்த ஈரம் வெளிக்காற்றிலிருந்து வருவதைவிட வாஃபிளின் வயிற்றிலிருந்தே அதிகம் வருகிறது. சூடான உட்புறம் இன்னும் ஆவியை வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. தட்டில் வைத்தால், அடியில் அதற்குப் போக வழியில்லை; குளிர்ந்த தட்டில் பட்டுத் துளியாகி மேலோட்டிலேயே ஏறுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொன்றும் அடுத்ததை நனைக்கிறது. ஹாட்பாக்ஸில் போட்டு மூடுவது எல்லாவற்றிலும் மோசம்.

ஆகவே எடுத்ததும் கம்பித் தட்டில், கீழே காற்று புகும்படி வைக்க வேண்டும். முதல் ஒரு நிமிடம் முக்கியம். ஆவி பெரும்பாலும் அப்போதுதான் போகிறது. ஆறு வாஃபிளும் சேர்ந்தே பரிமாற வேண்டுமென்றால், கம்பித் தட்டோடு 95 டிகிரி அளவில் வைத்த ஓவனுக்குள் வைக்கலாம். அங்கே காற்று சூடாகவும் வறண்டும் இருப்பதால் ஆவிக்குப் போக இடம் உண்டு. வெண்ணெயும் தேனும் பாகும் மேசைக்கு வந்த பிறகு, உண்பவர் கையால் ஊற்றிக்கொள்ளட்டும். வெண்ணெய் முதலில், பாகு பிறகு. கொழுப்புப் படலம் பாகின் ஈரம் மேலோட்டில் இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தும்.

மீந்ததை என்ன செய்வது?

ஆறில் இரண்டு மீந்தால், முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு வேண்டாம். வெந்த மாவுச்சத்து மறுபடி அணிவகுத்து விறைத்துப்போவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது, உறைந்துவிட்டால் நின்றுவிடும். ஃபிராங்க் டோர்சா கலிபோர்னியாவில் 1953இல் உறைந்த வாஃபிளைக் கடைக்குக் கொண்டுவந்தார். எகோ என்ற பெயரில் இன்றும் அமெரிக்கக் காலைகளில் அது இருக்கிறது.

சூடாக்குவதற்கு மைக்ரோவேவ் உதவாது. அது உள்ளிருக்கும் தண்ணீரைத்தான் முதலில் சூடாக்குகிறது. ஆவி உள்ளிருந்து வெளியே வந்து, குளிர்ந்திருக்கும் மேலோட்டை நனைத்துவிடும். ரொட்டி டோஸ்டர் நேர்மாறு: மேலோட்டை முதலில் காய்ச்சுகிறது. ஏறியிருந்த ஈரத்தை விரட்டி, கண்ணாடி நிலையை மீட்டுத் தருகிறது. உள்ளே விறைத்த மாவுச்சத்தும் அறுபது டிகிரியைத் தாண்டியதும் இளகிவிடும். உறைபெட்டியிலிருந்து எடுத்ததை உருகவிடாமல் நேராக டோஸ்டரில் போடுங்கள். உருகவிட்டால் பனிக்கட்டி நீராகி மேலோட்டில் ஊறும். இந்த இரண்டாவது சூட்டில் மிச்சமிருந்த ஏலக்காய் மணமும் கொஞ்சம் போய்விடும் என்பதால், எடுத்துவைத்த மசாலா வெண்ணெயில் ஒரு கரண்டியை இதற்கென்று மிச்சம் பிடித்து வைப்பது நல்லது.